வால் முளைத்த ஆங்கிலச் சொற்கள்!

"இனிய" என்பது குணத்தைக் காட்டும் சொல். "இனிமை" என்பது அந்தக் குணத்தின் பெயர். தமிழில் இந்த வேலையைப் பெரும்பாலும் "மை" என்ற விகுதியே செய்து விடுகிறது. பெருமை, வெண்மை, வறுமை என்று அடுக்கிக் கொண்டே போகலாம்.

ஆங்கிலத்தில் இதற்குப் பல விகுதிகள் உண்டு. சொல்லின் பின்னால் வால் போல ஒட்டிக் கொள்ளும். எதற்கு எந்த வால்? இது தெரியாமல் மாணவர்கள் திண்டாடுகிறார்கள். வால்களின் கதை தெரிந்தால் பாதிக் கஷ்டம் தீரும்.

சொந்த வால்

"னெஸ்" என்பது இங்கிலாந்தின் பழைய சொத்து. "டார்க்" என்றால் இருண்ட. "டார்க்னெஸ்" என்றால் இருட்டு. "கைண்ட்" என்றால் அன்பான. "கைண்ட்னெஸ்" என்றால் அன்பு.

அரண்மனை வால்

1066-ம் ஆண்டில் நார்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அரண்மனையில் பிரெஞ்சு மொழி ஏறி உட்கார்ந்தது. அதோடு ஏராளமான சொற்கள் வந்தன. "இட்டி" என்ற வாலும் வந்தது. "ரியல்" என்றால் உண்மையான. "ரியாலிட்டி" என்றால் உண்மை நிலை. "ஏபிள்" என்றால் திறமையுள்ள; "எபிலிட்டி" என்றால் திறமை.

ஓய்ந்த வால்

மூன்றாவது வால் "த்". "லாங்" (நீளமான) "லெங்த்" ஆகும். "டீப்" (ஆழமான) "டெப்த்" ஆகும். "ஸ்ட்ராங்" (பலமான) "ஸ்ட்ரெங்த்" ஆகும். சொல்லின் ஓசையே மாறி விடுவதைக் கவனியுங்கள். மிகப் பழைய வால் இது. இன்று புதுச் சொல் எதையும் உண்டாக்குவதில்லை.

இதற்கு உயிர் கொடுக்க ஒருவர் முயன்றார். அவர் ஹோரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர். (பெயரிலும் வால்தான்!) 1753-ம் ஆண்டில் அவர் "கிரீன்" என்ற சொல்லோடு "த்" சேர்த்து, "கிரீன்த்" என்று எழுதினார். பசுமை என்று பொருள். ஊர் ஏற்கவில்லை! "கிரீன்னெஸ்" என்ற சொல்தான் நிலைத்தது.

எப்படி நினைவில் வைப்பது?

"ஸ்ட்ராங்னெஸ்" என்று எழுதினால் அர்த்தம் புரியும். ஆனால் மார்க் போய் விடும்! "த்" வால் உள்ள சொற்கள் கொஞ்சம்தான். அவற்றை மனப்பாடம் செய்து விடலாம். "பாசிபிள்" போல "இபிள்" என்றும், "ஏபிள்" என்றும் முடியும் சொற்களுக்குப் பெரும்பாலும் "இட்டி" வரும்: "பாசிபிலிட்டி". மற்றவற்றில் பலவற்றுக்கு "னெஸ்" பொருந்தும். சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்ட வேண்டும்.

நாளை ஒரு புதிய குணச்சொல் பிறந்தாலும் "னெஸ்" அதனோடு ஒட்டிக் கொள்ளும். மன்னர் கொண்டு வந்த வால் ஒரு பக்கம் இருக்கட்டும். மக்களின் வால் இன்னும் ஆடிக் கொண்டிருக்கிறது!