கேஸ் கட்டு யாருக்குத் திறக்க வேண்டும்?

ஒரு விவாகரத்து வழக்கின் கேஸ் கட்டுக்குள் என்னென்ன இருக்கும் என்று தெரிந்தாலே அதை யார் பார்க்கலாம் என்ற கேள்வியின் கனம் புரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, ஆதார் நகல் ஆகியவை மேலாக இருக்கும். அவற்றுக்குக் கீழே யார் யாரை எப்படித் திட்டினார்கள், யாருக்கு என்ன நோய், மாமியார் வீட்டில் என்ன நடந்தது, படுக்கையறையில் என்ன நடக்கவில்லை என்பதெல்லாம் உறுதிமொழிப் பத்திரமாக எழுதப்பட்டிருக்கும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் இரு தரப்பும் தங்கள் சம்பளம், வங்கிக் கணக்கு, சொத்து, கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் விவரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும் என்பது அது. கணவனோ மனைவியோ ரகசியமாகப் பதிவு செய்த போன் பேச்சும் சாட்சியமாகலாம் என்று 2025 ஜூலையில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டதால், இனி அந்தப் பேச்சும் கட்டில் சேரும். இப்படி ஒரு குடும்பத்தின் உள்வீட்டை முழுக்கத் தாங்கிய கட்டுகள் பெங்களூருவில் ஹெச். சித்தையா சாலையின் நியாய தேகுலா கட்டடத்தில், முதன்மைக் குடும்ப நீதிமன்றத்திலும் கூடுதல் குடும்ப நீதிமன்றங்களிலும் அடுக்கடுக்காக இருக்கின்றன.

இந்தக் கட்டு வழக்காடும் இருவருக்கும் எளிதில் கிடைக்க வேண்டும், மூன்றாவது ஆளுக்குக் கிடைக்கக் கூடாது. சட்டத்தின் நோக்கமும் இதுதான். நடைமுறையிலோ பல சமயம் இது தலைகீழாகிவிடுகிறது. சொந்த வழக்கில் கடைசியாக என்ன உத்தரவு போட்டார்கள் என்று தெரியாமல் வாய்தா வாய்தாவாக அலைகிற பெண்ணின் பெயரை, அவளுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் கைபேசியில் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறார். இந்த இரண்டையும் தனித்தனிக் கோளாறாகப் பார்ப்பது தவறு என்பது என் வாதம். கட்டு கட்சிக்காரருக்குச் சொந்தம் என்ற எண்ணம் நீதிமன்ற நிர்வாகத்தில் வேரூன்றாததால்தான் இரண்டுமே வருகின்றன.

குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984இல் வந்தது. பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் ஒவ்வொரு நகரத்திலும் இப்படி ஒரு நீதிமன்றம் வேண்டும் என்றது அது. சாதாரண சிவில் கோர்ட்டின் சம்பிரதாயங்களை வேண்டுமென்றே தளர்த்தியது. சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகள் இங்கே கட்டாயமில்லை. முதலில் சமாதானம் செய்து பார்க்க வேண்டியது நீதிபதியின் கடமை. இதற்காகப் பெங்களூருவில் 2007 முதல் சமரச மையம் ஒன்று இயங்குகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது 13ஆம் பிரிவு. வழக்கறிஞரை வைத்து வாதாடுவதை இங்கே யாரும் உரிமையாகக் கேட்க முடியாது. நீதிமன்றம் அனுமதித்தால்தான் உண்டு. அதாவது கணவனும் மனைவியும் தாங்களே வந்து, தாங்களே மனுப் போட்டு, தாங்களே பேசக்கூடிய இடமாகத்தான் நாடாளுமன்றம் இதைக் கற்பனை செய்தது. கட்டு கட்சிக்காரர் கையில் இருந்தால்தான் அந்தக் கற்பனை நடக்கும்.

முதல் படி, எந்த ஊரில் மனுப் போடுவது என்பது. பெங்களூருத் தமிழர்களுக்கு இது பெரிய கேள்வி. கல்யாணம் வேலூரிலோ தருமபுரியிலோ நடந்திருக்கும். குடித்தனம் அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ இருந்திருக்கும். சண்டைக்குப் பிறகு ஒருவர் ஊருக்குப் போயிருப்பார். இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி கல்யாணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு இப்போது வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகிய எதிலும் மனுப் போடலாம். 2003இல் செய்த திருத்தம் மனைவிக்கு இன்னொரு வழியைத் திறந்தது: அவள் இப்போது எங்கே வசிக்கிறாளோ அங்கேயே போடலாம். கல்யாணம் வேலூரில் நடந்ததால் வழக்கும் வேலூரில்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிள்ளையின் பொறுப்புக் கேட்கும் மனு மட்டும் பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரில் போக வேண்டும். கணவன் சேலத்திலும் மனைவி பெங்களூருவிலும் ஆளுக்கொரு வழக்குப் போட்டால், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. எல்லையோர ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் இதற்காகவே டில்லி வரை போகிறார்கள்.

மனு ஏற்கப்பட்டதும் அதற்கு ஓர் எண் கிடைக்கும். பெங்களூருவில் விவாகரத்து முதலிய திருமண வழக்கு ‘எம்.சி.’ என்றும், பிள்ளைப் பொறுப்பு ‘ஜி அண்ட் டபிள்யூ.சி.’ என்றும் தொடங்கும். இதோடு பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் ஒன்றும் உண்டு. அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, கடைசியாக என்ன நடந்தது என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ளலாம். இவ்வளவு எளிய எண் ஒன்று தங்கள் வழக்குக்கு இருக்கிறது என்பதே பல கட்சிக்காரர்களுக்குத் தெரியாது. வக்கீல் குமாஸ்தாவின் போனுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அடுத்தது நகல். உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் வழக்கு எண், உத்தரவுத் தேதி, எந்த ஆவணம் வேண்டும் என்பதையெல்லாம் குறித்து நகல் பிரிவில் விண்ணப்பம் கொடுத்துக் கட்டணம் கட்ட வேண்டும். வழக்கு முடிந்து கட்டு பதிவறைக்குப் போய்விட்டால், அங்கிருந்து அதைத் தேடி எடுக்க நாள் பிடிக்கும். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. விவாகரத்துத் தீர்ப்பாணையின் நகலை இரு தரப்புக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கே கட்டளையிடுகிறது. இதைக் கேட்டுப் பெறுகிறவர்கள் குறைவு. மேல்முறையீட்டுக்குக் குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. சில உயர் நீதிமன்றங்கள் 90 நாளை ஏற்றிருந்தாலும் 30 என்று கணக்கு வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. நகலுக்கு விண்ணப்பித்து அது கைக்கு வரும்வரை ஆகும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே விண்ணப்பம் கொடுத்த தேதிக்குச் சான்று வைத்திருப்பது அவசியம்.

கட்டு வக்கீலிடம் மாட்டிக்கொள்வது இன்னொரு கஷ்டம். பீஸ் பாக்கி என்று சொல்லிக் காகிதங்களைத் தர மறுப்பது பரவலாக நடக்கிறது. 2000ஆம் ஆண்டிலேயே ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு சொல்லிவிட்டது. பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வழக்கறிஞருக்கு உரிமை கிடையாது. அது தொழில் ஒழுங்கீனம். பாக்கியை வசூலிக்க அவருக்கு வேறு வழிகள் உண்டு.

வக்கீல் இல்லாமல் சாமானிய மனிதர் கட்டை வாங்கி வைத்து என்ன செய்யப் போகிறார், தானே பேசி வழக்கைக் கெடுத்துக்கொள்வார் என்று சொல்வார்கள். இதில் பாதி உண்மை. எதிர்த்தரப்பு கடுமையாக வழக்காடும்போது குறுக்கு விசாரணையைத் தனியாளாகச் செய்வது கஷ்டம். பெங்களூருவில் கன்னடமும் ஆங்கிலமும் ஓடும் நீதிமன்றத்தில், தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தமிழ் ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பதே ஒரு வேலை. ஆனால் இது வக்கீல் வேண்டும் என்பதற்கான காரணம். வழக்கின் சொந்தக்காரருக்குத் தன் வழக்கு தெரியக் கூடாது என்பதற்கு இது காரணமாகாது. கட்டைப் படித்த கட்சிக்காரர்தான் வக்கீலிடம் சரியான கேள்வி கேட்பார், கையெழுத்துப் போடும் முன் யோசிப்பார். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. பெண்கள் எவ்வளவு வருமானம் உள்ளவர்களானாலும் அதன்படி இலவச சட்ட உதவி பெறலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

இனி மறுபக்கம். இரு தரப்பில் ஒருவர் கேட்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்தியாக வேண்டும் என்கிறது 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், இந்த வழக்குகளைப் பற்றி எதையும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது என்கிறது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும், அந்த நீதிமன்றத்தின் முன் அனுமதியோடு வெளியிடலாம். மீறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். 1976இல், இணையம் இல்லாத காலத்தில் திருத்தி எழுதிய பிரிவு இது. இன்றைக்கு ஒரு தீர்ப்பு நீதிமன்றத் தளத்தில் ஏறிய சில நாட்களில் தனியார் சட்டத் தளங்கள் எடுத்துக்கொள்கின்றன. பிறகு தேடுபொறியில் பெயர் அடித்தால் முதலில் வந்து நிற்கிறது. ஆயிரம் ரூபாய் அபராதம் அதைத் தடுக்காது.

இதன் வலியைக் கர்நாடக உயர் நீதிமன்றமே கண்டிருக்கிறது. ஒரு பெண், தனக்கும் இன்னொருவருக்கும் கல்யாணம் நடந்ததாகச் சொல்லும் பதிவை எதிர்த்து வழக்குப் போட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆனால் இணையத்தில் தேடினால் அந்த உத்தரவில் அவர் பெயர் வந்துகொண்டே இருந்தது. அது அவருடைய வாழ்க்கையையும் பேரையும் கெடுக்கும் என்று அவருடைய தந்தை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2017 ஜனவரியில் நீதிபதி ஆனந்த் பைராரெட்டி, பொதுத் தேடலில் அந்தப் பெயர் வராமலிருக்கப் பதிவகம் முயற்சி எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அதே சமயம் சான்றிட்ட நகல் கேட்டால் அதில் பெயர் அப்படியே இருக்கும் என்றும் சொன்னார். இந்த இரண்டு வரிகளில்தான் சரியான கொள்கை அடங்கியிருக்கிறது. உரியவர் கேட்டால் முழு ஆவணம், ஊரார் தேடினால் பெயரில்லை. குறை என்னவென்றால், இதைப் பெற ஒரு தந்தை உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் கொஞ்சம் முன்னேறி, குடும்ப வழக்குகளில் தரப்பினர் கேட்டுக்கொண்டால் நீதிமன்றத் தளத்தில் அவர்கள் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று பொதுவாகவே தீர்த்தது. கேட்டால்தான் என்ற நிபந்தனை அங்கேயும் இருக்கிறது. கேட்கத் தெரியாதவர்தான் அதிகம் பாதிக்கப்படுகிறவர்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே வருகிறது. 1994இல் நக்கீரன் பத்திரிகை தொடர்பான ஆர். ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு விஷயம் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொதுப் பதிவாகிவிட்டால் அதைப் பற்றி எழுதப் பத்திரிகைக்கு உரிமை உண்டு என்றது. நீதி திறந்த வெளியில் நடந்தால்தான் நீதிபதியும் கண்காணிக்கப்படுவார். கதவை மூடினால் ஜீவனாம்சத்தில் பாரபட்சம் நடந்தாலும், ஒரு வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தாலும் யாருக்கும் தெரியாது. இந்தக் கவலை நியாயமானது, அதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் அதே தீர்ப்பு பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயரை இந்த உரிமையிலிருந்து விலக்கி வைத்தது. கண்காணிப்புக்குத் தேவை நீதிபதி சொன்ன காரணமும் போட்ட தொகையும் எடுத்துக்கொண்ட காலமும். கட்சிக்காரரின் பெயர் அதற்குத் தேவையில்லை. ஆஸ்திரேலியக் குடும்ப நீதிமன்றங்கள் புனைபெயர் வைத்துத் தீர்ப்புகளை வெளியிடுகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 ஜனவரியில் சில நீதிமன்றங்களில் சோதனையாகத் தொடங்கி, 2025 ஜனவரி முதல் எல்லாக் குடும்ப நீதிமன்றங்களுக்கும் நிருபர்களை எழுத அனுமதிக்கும் முறையை விரித்திருக்கிறார்கள். குடும்பத்தின் அடையாளம் மட்டும் வெளிவரக் கூடாது.

பெண் கொடுக்கிறவர்கள், பெண் எடுக்கிறவர்கள் முன் கல்யாணம் உண்டா என்று விசாரிக்க வேண்டாமா என்று இன்னொரு கேள்வி வரும். கட்டாயம் விசாரிக்க வேண்டும். முறியாமல் நீடிக்கும் முந்தைய திருமணத்தை மறைத்து இன்னொரு கல்யாணம் செய்வது பத்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் இணையத்தில் தென்படும் ஒரு பெயர், வழக்கு இருந்தது என்று மட்டுமே காட்டும். அது தள்ளுபடியானதா, சமாதானமானதா, மேல்முறையீட்டில் இருக்கிறதா என்பதைத் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல்தான் காட்டும். அதை மாப்பிள்ளையிடமோ பெண்ணிடமோ நேராகக் கேட்டு வாங்குவதுதான் சரியான விசாரணை. வேறொருவர் வழக்கின் கட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கவும் முடியாது. நீதிமன்ற ஆவணங்களை மூன்றாம் நபர் அந்தந்த நீதிமன்ற விதிகளின்படிதான் காரணம் காட்டிக் கேட்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது.

நியாய தேகுலாவுக்குப் போகிறவர்கள் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. மனு ஏற்கப்பட்ட அன்றே சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உத்தரவுக்கும் நகல் வாங்கி உங்கள் வீட்டில் வையுங்கள். 11ஆம் பிரிவின் கீழ் மூடிய அறை விசாரணை வேண்டும் என்று எழுத்திலேயே கேளுங்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனால் பெயரை மறைக்கும்படி முதல் வாய்தாவிலேயே மனுக் கொடுங்கள். ஆனால் இந்தச் சுமையைக் கட்சிக்காரர் தலையிலேயே விட்டுவிடுவது நியாயமில்லை. குடும்ப வழக்குகளின் பட்டியலிலும் தேடலிலும் யாரும் கேட்காமலே பெயருக்குப் பதில் எண் மட்டும் வர வேண்டும். தீர்ப்பாணையைப் போலவே இடைக்கால உத்தரவின் நகலும் இரு தரப்புக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 21ஆம் பிரிவு விதிகள் வகுக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கே கொடுத்திருக்கிறது.