காலில் கொப்புளம், நெஞ்சில் நம்பிக்கை!

கீழவாஞ்சூர்:

ஆகஸ்டு மாதக் கடைசி வந்து விட்டால் போதும். காரைக்கால் எல்லையான கீழவாஞ்சூர் வழியாகக் காவி உடை பக்தர்கள் சாரை சாரையாக நடப்பார்கள்.

சாலையோர மதுக்கடைகளில் கூட்டம் ஒருபக்கம். "மரியே வாழ்க" கோஷம் மறுபக்கம்!

சென்னை, புதுச்சேரியில் இருந்தெல்லாம் நடந்தே வருகிறவர்கள். காலில் கொப்புளம். முன்னால் மாதா சிலை வைத்த தள்ளுவண்டி. இந்துக்களும் உண்டு. நாகூர், நாகை தாண்டினால் வேளாங்கண்ணி. அங்கே 29-ந் தேதி கொடியேற்றம். செப்டம்பர் 8-ந் தேதி மாதா பிறந்த நாள் விழா.

சுனாமி

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமசுக்கு மறுநாள். வேளாங்கண்ணி கடற்கரையில் நின்ற பக்தர்களையும் சுனாமி வாரிச் சுருட்டியது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பலி!

கும்பிட வந்தவங்களைக் கடவுள் ஏன் காப்பாத்தலை?

இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் கிடையாது. ஆனாலும் பாதயாத்திரை நிற்கவில்லை.

கூலி அல்ல

கும்பிட்டால் கஷ்டமே வராது என்று திருச்சபை சொல்லவில்லை. கஷ்டத்திலும் கடவுள் கூட இருப்பார் என்கிறது. அவர் அருள் நடந்த தூரத்துக்குக் கூலி அல்ல, இனாம்.

அப்படியானால் ஏன் இத்தனை நடை?

வாங்கிக் கொண்டதற்கு நன்றி சொல்லத்தான்!