ஆனைகட்டி மழையும் கோவைக் குழாயும்

கோவையிலிருந்து தடாகம் சாலையில் மாங்கரை தாண்டி மலையேறினால் ஆனைகட்டி. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள அட்டப்பாடி. எல்லையாக ஓடுகிறது கொடுங்கரைப் பள்ளம். இங்கே பெய்யும் மழைக்கு இரண்டு வழிகள் உண்டு. மேற்குச் சரிவில் விழுந்த நீர் கொடுங்கரைப் பள்ளத்தில் இறங்கி, பவானியில் கலந்து, பில்லூர் அணையை அடைந்து, கோவைக்குக் குடிநீராகக் குழாயில் வருகிறது. கிழக்குச் சரிவில் விழுந்ததோ தடாகம் பள்ளத்தாக்கின் ஓடைகளில் இறங்கி, சங்கனூர்ப் பள்ளமாக அதே கோவைக்குள் நுழைந்து, சாக்கடையாகிச் சிங்காநல்லூர்ப் பக்கம் போய்ச் சேர்கிறது.

ஒரே மலையின் மழை ஒரே நகரத்துக்கு ஒரு வழியில் குடிநீராகவும் மறுவழியில் கழிவாகவும் வருகிறது. கோவையின் நாளைய நீர் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் புதிய குழாய்த் திட்டங்களைப் பார்ப்பதற்கு முன், இந்த இரு சரிவுகளையும் பார்க்க வேண்டும்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் கோவை குடித்துவரும் சிறுவாணி நீரும் இந்த மலைத்தொடரிலிருந்து வருவதுதான். 1973இல் இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்து, 1984இல் முடிந்த இன்றைய சிறுவாணி அணை நிற்பது கேரள மண்ணில். ஆண்டுக்கு 1.3 டிஎம்சி தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கோவைப் பக்கம் வருகிறது. 2016இல் தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டுமே பொய்த்தன. அடுத்த கோடையில் சிறுவாணி அணை அடிமட்டத்துக்கு இறங்கியது. சுரங்கமும் குழாயும் அப்படியே இருந்தன. இல்லாமல் போனது மழையும், அதைப் பிடித்துவைத்து மெல்ல விடும் மலையின் திறனும்.

மலை எப்படி நீரைப் பிடித்துவைக்கிறது? காட்டுத் தரையில் உதிர்ந்த இலைகள் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்களும் மண்புழுக்களும் துளைத்த வழிகளில் நீர் கீழிறங்கி, பாறை இடுக்குகளில் தங்கி, மாதக்கணக்கில் ஊற்றாகக் கசிகிறது. கோடையிலும் ஓடையில் தெரியும் நீர் இதுதான். மரம் போய் மண் இறுகிய சரிவில் அதே மழை சில மணி நேரத்தில் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். பில்லூர் அணையில் படிந்து கொள்ளளவைத் தின்றிருக்கும் வண்டல், மேலே உள்ள சரிவுகள் இழந்த மண்தான்.

அட்டப்பாடி இதற்கு நல்ல சாட்சி. மேற்கே அமைதிப் பள்ளத்தாக்கை ஒட்டிய பகுதியில் மழை கொட்டும். கிழக்கே ஆனைகட்டியை நெருங்க நெருங்க மழைமறைவு. கோவையைப் போலக் குறைந்த மழைதான். குடியேற்றமும் மரவெட்டும் பெருகிய பத்தாண்டுகளில் கிழக்கு மலைகள் மொட்டையாயின, ஓடைகள் வற்றின. இருளர், முடுகர், குறும்பர் மக்களின் நிலமும் கையைவிட்டுப் போனது. 1996இல் ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு பெரிய சூழல் மீட்புத் திட்டம் ஒன்றைக் கேரள அரசு தொடங்கியது. அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம் அதை நடத்தியது. பழங்குடி ஊர்க்குழுக்களே வேலையை முன்னின்று செய்தன. சரிவுகளில் நாற்று நட்டார்கள். ஓடைகளின் குறுக்கே தடுப்பணை கட்டினார்கள். வற்றிக் கிடந்த கொடுங்கரைப் பள்ளத்தில் மறுபடி நீர் ஓடத் தொடங்கியது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது, இடிந்த மலையையும் ஒரு தலைமுறைக்குள் தேற்ற முடியும் என்பதற்கு இங்கேயே சான்று இருப்பதுதான்.

ஆனால் மரம் நட்டாலே தண்ணீர் வந்துவிடாது. மரமும் குடிக்கும். மழை குறைந்த சரிவில் தைலமரத்தை நெருக்கி நட்டால், மண்ணுக்குள் இறங்கும் நீரைவிட அது உறிஞ்சி ஆவியாக்கும் நீர் கூடிவிடக்கூடும். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, மரமே இல்லாத நிலத்தைவிடவும், அடர்ந்து நட்ட நிலத்தைவிடவும், இடைவிட்டு மரம் நிற்கும் நிலத்தில்தான் நிலத்தடி நீர் அதிகம் ஊறுகிறது என்று காட்டியது. ஆனைகட்டியின் வறண்ட சரிவுக்கு ஏற்றது மண்ணின் மரங்களும் புல்லும் கலந்த காடுதான். ஒரே இன மரத்தோப்பு அல்ல.

மலையைக் காப்பதற்கு ஆகும் செலவு என்ன என்ற கணக்கை நியூயார்க் நகரம் 1997இல் போட்டது. பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் ஆலை கட்டுவதைவிட, தன் நீர் பிறக்கும் கேட்ஸ்கில் மலைப்பகுதியின் காட்டையும் பண்ணைகளையும் பாதுகாக்கப் பணம் தருவது மலிவு என்று மலையூர்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. சிறுவாணி அணையின் பராமரிப்புக்குத் தமிழ்நாடு பணம் தருகிறது. அணைக்கு மேலே உள்ள காட்டுக்கும், பவானியின் சரிவுகளைக் காக்கும் ஊர்களுக்கும் கோவையின் குடிநீர்க் கட்டணத்தில் ஒரு பங்கு போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கிழக்குச் சரிவின் நிலை இன்னும் வருத்தமானது. தடாகம் பள்ளத்தாக்கின் செம்மண்ணைச் செங்கல்லுக்காகத் தோண்டித் தோண்டி, ஓடைகளின் தடமே பல இடங்களில் சிதைந்துபோனது. 2021இல் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. குழிகளோ இன்னும் கிடக்கின்றன. அவற்றை ஓடைகளோடு முறையாக இணைத்தால், வெள்ளநீர் தங்கி நிலத்துக்குள் இறங்க இடம் கிடைக்கும். நகருக்குள் நுழைந்தபின் சங்கனூர்ப் பள்ளத்துக்கு வேண்டியது கழிவுநீர் கலக்காத பாதை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நகரங்களுக்கான அளவுகோல். அதில் ஏறத்தாழ 108 லிட்டர் கழிவாகத் திரும்புகிறது. சென்னையில் 2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலைகள் வந்துவிட்டன. பஞ்சாலையும் வார்ப்பாலையும் நிறைந்த கோவை இதையே செய்தால், அந்த அளவுக்கு மலையின் மீதுள்ள சுமை குறையும்.

முதலில் வேண்டியது அளவு. எந்தச் சரிவில் எவ்வளவு பெய்தது, எவ்வளவு உள்ளே இறங்கியது, ஏப்ரலில் பள்ளத்தில் எவ்வளவு ஓடியது என்பதை எல்லையின் இரு பக்கமும் ஒரே முறையில் அளந்து, இரு மாநிலமும் வெளிப்படையாகப் பகிர வேண்டும். இந்த அளவீட்டுக்குத் துணைநிற்கக்கூடிய, 1990 முதல் இயங்கும் சாலிம் அலி பறவையியல் ஆய்வு மையம் ஆனைகட்டியில்தான் இருக்கிறது. மழைமானிகளையும் ஓடைமானிகளையும் படிக்கக் கற்றுக்கொள்ள ஆவலுள்ள பள்ளிப் பிள்ளைகள் இரு பக்க ஊர்களிலும் இருக்கிறார்கள்.