பெரிய நாய்க்குட்டியும் உலர்ந்த உணவும்

பிறக்கும்போது சுமார் அரைக் கிலோ எடையுள்ள கிரேட் டேன் குட்டி, இரண்டு ஆண்டுகளுக்குள் 50 கிலோவை எட்டிவிடும். ஆகவே அதற்குக் கால்சியம் எவ்வளவு கொடுத்தாலும் நல்லது என்று நினைக்கிறீர்களா? இளங்குட்டியின் குடலுக்கு மிகுதியான கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது. அளவு மீறினால் கால் எலும்புகள் கோணக்கூடும்.

இறைச்சியை உறையவைத்து வெற்றிடத்தில் வைத்தால், பனிக்கட்டி நீராகாமல் நேரே ஆவியாகிறது. நீர் மட்டுமே போகிறது. கால்சியம் முழுதும் தங்குகிறது. சால்மோனெல்லா கிருமியும் சாகாமல் தங்கலாம்.

எனவே, பொட்டலத்தில் ‘பெரிய இனக் குட்டிகளின் வளர்ச்சிக்கு’ என்ற குறிப்பைத் தேடுங்கள். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் அளவுப்படி, நீர் நீங்கிய 100 கிராம் உணவில் 1.2 முதல் 1.8 கிராம் வரை கால்சியம் இருக்கலாம். அதற்குமேல் எலும்புத் தூள் வேண்டாம். ஊட்டியபின் கைகளைச் சோப்பினால் கழுவுங்கள்.