இழைமணியின் மடிப்புகளும் அவற்றை அமைக்கும் புரதங்களும்

புனே நகரை அடுத்த லோஹேகாவ் விமான தளத்தில் விமானப்படை விமானங்களும் பயணிகள் விமானங்களும் ஒரே ஓடுபாதையைப் பயன்படுத்துகின்றன. ஓடுபாதையருகே எழும் பறவைகள் விமானிக்குக் கவலை தருவன. உயிரியல் மாணவருக்கோ அவை பாடமாகும். ஓயாது சிறகடிக்கும் புறாவின் மார்புத் தசையைக் கொண்டே, உயிரணுவில் உணவு எரிக்கப்படும் சுழற்சியை 1937-இல் ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டறிந்தார். அவ்வேலை நடைபெறும் கூடமே மைட்டோகாண்ட்ரியா எனப்படும் இழைமணி.

இழைமணிக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வு மடிப்பற்றது, உட்சவ்வோ பல மடிப்புகளாக உள்நோக்கி நீள்கிறது. 1952-இல் ஜார்ஜ் பலாடே இம்மடிப்புகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் வாயிலாகக் கண்டு விவரித்தார். ஏ.டி.பி. என்னும் ஆற்றல் பொருளை உற்பத்தி செய்யும் நொதிகள் உட்சவ்விலேயே பதிந்துள்ளமையால், மடிப்புகள் பெருகினால் உற்பத்திக்கான பரப்பும் பெருகும். குறைந்த மனையில் மாடிமேல் மாடி எழுப்பும் சிக்கனம் இது எனப் பொருளாதாரம் பயின்ற எம்போன்றோருக்குத் தோன்றும். ஆயினும், இங்கு இயந்திரங்களே கட்டடத்தையும் எழுப்புகின்றன என்பதுதான் வியப்பு.

ஏ.டி.பி. சிந்தேஸ் என்னும் நொதி, இரண்டிரண்டாக இணைந்து, கவட்டைபோல் சாய்ந்து, நீண்ட வரிசையாக அமைகிறது. அவ்வரிசையின்கீழ்ச் சவ்வு வளைந்து மடிப்பின் கூரிய விளிம்பாகிறது. மடிப்பு தொடங்கும் குறுகிய கழுத்தை 'மைக்காஸ்' என்னும் புரதத் தொகுதி தாங்குகிறது. 2011-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் இதனைத் தனித்தனியே விவரித்தன. இதிலுள்ள மிக்-60, மிக்-10 ஆகிய புரதங்களை ஈஸ்ட்டிலிருந்து நீக்கினால், மடிப்புகள் கழுத்தறுந்து, தனித் தகடுகளாக உள்ளே அடுக்கிக் கிடக்கும். கழுத்தின் அகலத்தை ஒழுங்குபடுத்துவதில் ஓ.பி.ஏ.1 என்னும் புரதத்திற்கும் பங்குண்டு. கழுத்து அகன்றால், மடிப்பினுள் அடைபட்டிருந்த சைட்டோகுரோம்-சி வெளியேறுவது எளிதாகி, உயிரணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளத் தலைப்படும்.

இதனை வெறும் ஏட்டறிவு என ஒதுக்குவதற்கில்லை. ஓ.பி.ஏ.1 மரபணுவின் பழுதால் பார்வை நரம்பு தேயும் பரம்பரை நோய் உண்டாவது 2000-ஆம் ஆண்டில் தெரியவந்தது. பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே இந்நோய் தலைகாட்டும். கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடி மாற்றி மாற்றி அணிவித்தும் பயனிராது. பெற்றோரில் ஒருவரிடம் பழுது இருந்தாலே ஒவ்வொரு குழந்தைக்கும் அது வந்துசேரச் சரிபாதி வாய்ப்பு உண்டு. இழந்த பார்வையை மீட்கும் உறுதியான சிகிச்சை இதுவரை இல்லை.

சிகிச்சையைத் தேடுவோர்க்கு முதலில் வேண்டுவது ஆய்வுக்கூடத்தில் வளரும் உயிரணுக்கள். அவற்றைச் சேமித்து நாடெங்குமுள்ள ஆய்வாளர்க்கு வழங்கிவரும் தேசிய உயிரணு அறிவியல் மையம், அதே புனேயில், பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்துள்ளது.