கேரவன் பூங்கா அமைக்கப் போறீங்களா? முதல்ல ஒரு ராத்திரியை யோசிச்சுப் பாருங்க!

கேரவன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது சினிமா ஷூட்டிங்தான். நடிகர்கள் ஏறி இறங்குகிற, ஏ.சி. போட்ட பெரிய வண்டி. இப்போது அதே மாதிரி வண்டி குடும்பச் சுற்றுலாவுக்கும் வந்துவிட்டது. படுக்கை, சின்ன சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். லாட்ஜ் தேடி அலைய வேண்டாம், லாட்ஜே நம்மோடு வருகிறது!

ஆனால் ராத்திரி இந்த வண்டியை எங்கே நிறுத்துவது? சாலையோரம் பாதுகாப்பில்லை. பெட்ரோல் பங்கில் கரண்ட்டும் தண்ணீரும் தந்து காலை வரை தங்க விடமாட்டார்கள். இதற்கென்றே அமைக்கப்படும் இடம்தான் கேரவன் பூங்கா.

பக்கத்து மாநிலமான கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அதன் முதல் பூங்கா 2022-ல் வாகமண்ணில் திறக்கப்பட்டது. அங்கே ஒரு பூங்காவுக்குக் குறைந்தது 50 சென்ட் நிலமும், 5 வண்டிகள் நிறுத்தும் வசதியும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா ஒரு தனிப் பிரிவு. கேரவன் பூங்கா நடத்துபவர்கள் சுற்றுலாத் துறையில் ஆன்லைனில் பதிவு செய்துகொள்ளும் முறையும் இருக்கிறது.

"ஊர்ல ரெண்டு ஏக்கர் சும்மாதான் கிடக்குது, ஆரம்பிச்சுடலாமா?" என்று கேட்கிறீர்களா? தாராளமாக. ஆனால் அலங்கார வளைவு, செல்ஃபி பாயிண்ட், செயற்கை அருவி என்று தொடங்காதீர்கள். முதல் ராத்திரி எப்படிப் போச்சு என்பதை வைத்துத்தான் விருந்தினர் உங்கள் பூங்காவுக்கு மார்க் போடுவார். அதனால் அந்த ஒரு ராத்திரியை மணிக்கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதற்கு முன்னால் நிலம்.

நிலம்: காட்சிக்கு முன்னால் காகிதம்

உங்கள் போனிலேயே முதல் வேலையை முடிக்கலாம். 'எங்கிருந்தும் எந்நேரமும்' நில ஆவண இணையதளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் கிடைக்கும். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள். புலப்படத்தில் ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை ஏதாவது உங்கள் நிலத்துக்குள் ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஓடையை மூடிப் பூங்கா போட்டால் சட்டச் சிக்கல் ஒரு பக்கம், அடைமழையில் தண்ணீர் பழைய வழியைத் தேடி வரும் ஆபத்து இன்னொரு பக்கம்.

அடுத்து, இடத்தின் தன்மை:

• கடலோரம் என்றால், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும்.

• மலைப்பகுதி என்றால், மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி தேவையா என்று முதலிலேயே கேளுங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. அங்கே பூங்கா என்றால், புக்கிங் உறுதியானதுமே விருந்தினருக்கு அதை நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு.

• காட்டை ஒட்டிய இடம் என்றால், யானை வழித்தடம் இல்லை என்று வனத்துறையிடம் உறுதி செய்யுங்கள். நீலகிரி மாவட்டம் சீகூர் பகுதியில் யானை வழித்தட அறிவிப்பை உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதி செய்தது. தனியார் விடுதிகள் காலி செய்ய வேண்டி வந்தது. யானை போகும் வழியில் போட்ட முதலீடு திரும்பி வராது.

• போகும் பாதையையும் பாருங்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் அளவு கேரவனை அதில் ஏற்றுவது எல்லாருக்கும் முடியாது. இந்த மாதிரி இடங்களில் மலையடிவாரத்தில் பூங்கா அமைத்து, அங்கிருந்து ஜீப்பிலோ காரிலோ மேலே அனுப்புவதுதான் புத்திசாலித்தனம்.

நிலப் பயன்பாட்டு மாற்றம், திட்ட அனுமதி ஆகியவற்றுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒற்றைச் சாளர இணையதளம் இருக்கிறது. மாவட்டச் சுற்றுலா அலுவலரை ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது நல்லது. எந்த அனுமதி எந்த வரிசையில் வாங்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

மாலை 7 மணி: வண்டி வருகிறது

டிரைவர் களைப்பாக இருப்பார். பின்னால் குழந்தைகளுக்குப் பசி. மேப் "நீங்கள் வந்துவிட்டீர்கள்" என்கிறது, எதிரே இருப்பதோ ஒரு முள்வேலி!

மேப்பில் இடக்குறியை நிலத்தின் நடுவில் வைக்காதீர்கள், நுழைவாயிலில் வையுங்கள். மெயின் ரோட்டில் திரும்பும் இடத்தில் இரவில் ஒளிரும் பலகை ஒன்று வேண்டும். உங்கள் பகுதியில் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்றால், வழிக்குறிப்பை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

வேன் அளவு வண்டிகள் அதிகம் வந்தாலும், பஸ் அடிச்சட்டத்தில் கட்டிய கேரவன் 12 மீட்டர், அதாவது 40 அடி நீளம் வரை இருக்கலாம். உள்சாலையை முட்டுச்சந்தாக விடாமல், சுற்றி வந்து வெளியேறும் ஒருவழிப் பாதையாகப் போடுங்கள். இருட்டில் ரிவர்ஸ் எடுப்பதுதான் டிரைவருக்குப் பெரிய தலைவலி. ஒன்றிரண்டு தளங்களையாவது, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி அமையுங்கள். மரக்கிளைகள், மின்கம்பிகள் மேலே இடிக்காமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

தரை சமமாக இருக்க வேண்டும். 50 அடி நீளத் தளத்தில் ஆறு அங்குலச் சரிவு, அதாவது ஒரு சதவீதம் இருந்தால் மழைநீர் ஓடிவிடும். அதுவே ஒன்றரை அடி என்றால், உள்ளே படுத்திருப்பவர் ராத்திரி முழுக்கச் சறுக்கிக்கொண்டே இருப்பார். கரிசல் மண் என்றால் ஒரு மழைக்கே சக்கரம் புதையும். ஜல்லியும் கிராவலும் போட்டு நன்றாக இறுக்கிய தளம் கட்டாயம்.

இரவு 8 மணி: பிளக் போடும் நேரம்

சின்னக் கணக்கு ஒன்று. 16 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் சுமார் 3.7 கிலோவாட் தரும். ஏ.சி.க்கு 1.5, இண்டக்‌ஷன் அடுப்புக்கு 2 கிலோவாட் என்று வைத்தால் மொத்தம் 3.5. இந்த நேரத்தில் யாராவது கீசரைப் போட்டால்? டப்பென்று இருட்டுதான். அதனால் பெரிய வண்டிகளுக்கான தளங்களில் 32 ஆம்பியர் இணைப்பு வையுங்கள். மற்ற இடங்களில் எதை எதோடு சேர்த்துப் போடக் கூடாது என்று சாக்கெட் பக்கத்திலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

10 தளங்கள், தளத்துக்கு 3.5 கிலோவாட் என்றால் 35 கிலோவாட். மே மாத ராத்திரியில் பத்து ஏ.சி.யும் ஒன்றாக ஓடும் என்பதை மறக்காதீர்கள். அதனால் சாலை போடும் முன்பே மின்வாரிய அலுவலகத்தில் மின்பளுவைப் பற்றிப் பேசிவிடுங்கள். தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் இலவச விவசாய இணைப்பைப் பூங்காவுக்குப் பயன்படுத்தவே கூடாது. வணிகப் பயன்பாட்டுக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும்.

கேரவனின் உடம்பு உலோகம். மின்கசிவு ஏற்பட்டால் வண்டியைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் சரியான எர்த்திங்கும், கசிவு ஏற்பட்டவுடன் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியும் கட்டாயம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இரவு 10 மணி: தூக்கம்

இரண்டு ஏக்கர் என்பது 87,120 சதுர அடி. ஒரு தளத்துக்கு 50-க்கு 33 அடி ஒதுக்கினால், 10 தளங்களுக்கு 16,500 சதுர அடிதான் ஆகிறது. "அட, மீதி அவ்வளவும் காலியா? இன்னும் பத்து வண்டி விடலாமே!" என்று ஆசை வரும். இங்கேதான் பூங்காவும் வண்டி ஸ்டாண்டும் பிரிகிற இடம். அந்தக் காலி இடத்துக்குத்தான் விருந்தினர் காசு கொடுக்கிறார். நிழல், நடைபாதை, குழந்தைகள் ஓடி விளையாடும் புல்வெளி எல்லாம் அங்கேதான் வரும். தீ பரவாமல் இருக்கவும் இடைவெளி வேண்டும். பிரிட்டனில் கேரவன்களுக்கு இடையே 6 மீட்டர், அதாவது சுமார் 20 அடி விட வேண்டும் என்பது வழிகாட்டு விதி. நம் 33 அடி தளத்தில் அது தாராளமாகக் கிடைக்கும்.

நிழலுக்கு வேம்பும் புங்கனும் அருமை. தென்னைக்கு அடியில் மட்டும் தளம் வேண்டாம். நடு ராத்திரியில் வண்டியின் கூரை மேல் தேங்காய் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்?

இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குச் சட்டத்திலேயே தடை உண்டு. அதைப் பூங்காவின் விதியாகவும் எழுதி வையுங்கள். ஜெனரேட்டரைத் தளங்களிலிருந்து தள்ளி வையுங்கள். கண்ணைக் கூசும் ஃபோகஸ் லைட் வேண்டாம். கழிப்பறைக்குப் போகும் பாதையில் கால் தெரியும் அளவுக்குத் தாழ்வான விளக்குகள் போதும். புல்லை ஒட்ட வெட்டி வைத்தால் பாம்பு வந்தாலும் கண்ணில் படும்.

இப்போது முக்கியமான கேள்வி: டிரைவர் எங்கே தூங்குவார்?

நம் ஊரில் வாடகைக் கேரவன் பெரும்பாலும் டிரைவரோடுதான் வரும். உள்ளே குடும்பம் தூங்கும்போது அவர் ஸ்டீயரிங் மேல் தலை சாய்த்திருப்பார். மறுநாள் மலைப்பாதையில் வண்டியை ஓட்டப் போவதும் அவர்தான். ஹோட்டல், விடுதிகளில் ஓட்டுநர்களுக்குத் தங்குமிடமும் கழிப்பறையும் வேண்டும் என்று தமிழ்நாடு கட்டட விதிகளில் 2023-ல் திருத்தம் கொண்டுவரப்பட்டது. கேரவன் பூங்காவுக்கு அந்தத் தேவை இன்னும் அதிகம். மின்விசிறி, கட்டில், குளியலறை, போன் சார்ஜ் போட ஒரு பிளக், சூடான சாப்பாடு, இவ்வளவு போதும். அவர் நன்றாகத் தூங்கினால்தான் அந்தக் குடும்பத்தின் பயணம் பத்திரமாக இருக்கும்.

காலை 6 மணி: தண்ணீரும் கழிப்பறையும்

"வண்டிக்குள்ளேயே பாத்ரூம் இருக்கே, வெளியில எதுக்கு?" என்று கேட்கலாம். வண்டியின் குளியலறை சின்னது, தண்ணீர் அளவானது. நாலு பேர் உள்ள குடும்பம் காலையில் பொதுக் குளியலறையைத்தான் தேடும். ஆண், பெண் தனித்தனியாக, உறுதியான தாழ்ப்பாளோடு, முதியவர்களுக்குக் கைப்பிடியோடு கட்டுங்கள். சக்கர நாற்காலி போகிற மாதிரி சாய்தளமும் ஒரு அகலமான கழிப்பறையும் வேண்டும்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் கடைப்பிடிக்கும் அளவு. 10 வண்டி, வண்டிக்கு 4 பேர் என்றால் தினமும் 5,400 லிட்டர். மோட்டார் ஒருநாள் மக்கர் பண்ணினாலும் சமாளிக்க, இரண்டு நாளுக்கு 11,000 லிட்டர் சேமிப்பு வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதித்து, குடிக்கலாமா கூடாதா என்று குழாய்க்கு மேலேயே எழுதிவிடுங்கள். மழைநீர் சேகரிப்பையும் மறக்க வேண்டாம்.

காலை 9 மணி: கிளம்பும் நேரம்

கேரவனில் சமையல், குளியல் தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிப்பறைக்கு இன்னொரு தொட்டி. இரண்டையும் காலி செய்ய இடம் தராவிட்டால், அந்தக் கழிவு அடுத்த ஊரின் ஓடையில்தான் போய்ச் சேரும். வெளியேறும் வழியில், வண்டி நேராக வந்து நின்று குழாயை மாட்டும்படி மூடிபோட்ட கழிவு இறக்குமிடம் ஒன்று கட்டுங்கள். கழுவிவிட அங்கே தனிக் குழாய் வேண்டும். குடிநீர்க் குழாய் அதன் பக்கத்தில் இருக்கவே கூடாது.

உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்கட்டும். செப்டிக் டேங்க் நிரம்பினால், உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை மட்டும் கூப்பிடுங்கள். இதற்கு 14420 என்ற உதவி எண் இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் ஒரு மனிதரைத் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். உள்ளே இருக்கும் விஷவாயு நொடிகளில் உயிரைப் பறித்துவிடும்.

கையோடு ஒரு சரிபார்ப்பு

✔ சுற்றுலாத் துறைப் பதிவு, திட்ட அனுமதி, வணிக மின் இணைப்பு

✔ சாப்பாடு விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமம் அல்லது பதிவு

✔ வெளிநாட்டினர் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரத்தை ஆன்லைனில் தெரிவித்தல்

✔ ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் இல்லாத வளாகம் (2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை)

✔ எல்லாரும் பார்க்கும் இடத்தில் தீயணைப்பான்களும் முதலுதவிப் பெட்டியும்

✔ பலகையில் எழுத வேண்டிய எண்கள்: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, சுற்றுலாப் பயணிகள் உதவி 1363, மின் புகார் 94987 94987. கூடவே, பாம்புக்கடி மருந்து இருக்கும் பக்கத்து அரசு மருத்துவமனையின் பெயரும் தூரமும்.

எல்லாம் தயாரா? திறப்பு விழாவுக்குத் தேதி குறிக்கும் முன் ஒரே ஒரு வேலை. ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, உங்கள் குடும்பத்தோடு உங்கள் பூங்காவிலேயே ஒரு ராத்திரி தங்குங்கள். இருட்டிய பிறகு உள்ளே வாருங்கள். ஏ.சி.யையும் அடுப்பையும் ஒன்றாகப் போடுங்கள். நடு ராத்திரியில் எழுந்து கழிப்பறைக்கு நடந்து பாருங்கள். காலையில் வீட்டுப் பெரியவர்களிடமும் டிரைவரிடமும், "தூக்கம் நல்லா வந்துச்சா?" என்று கேளுங்கள்.

அவர்கள் சொல்லும் குறைகளைச் சரி செய்துவிட்டு, அப்புறம் அலங்கார வளைவுக்குச் செலவு செய்யலாம்.