வளர்ப்பு முறையும் விடலைப் பருவத்துக் கொடுமையும்

பள்ளிப் பருவத்தை இன்பப் பருவம் என்று பேசுவது நம் வழக்கம். ஆண்டு மலர்களில் அவ்வாறு எழுதுவதும் வழக்கமே. ஆயின், அப்பருவத்தை அஞ்சி அஞ்சிக் கழித்தவர்களும் நம்மிடையே இருக்கின்றனர். ஒருவனுக்குப் பட்டப்பெயர் சூட்டி, நாள்தோறும் அழவைத்து மகிழ்வதைப் பெரியவர்களே ‘பிள்ளை விளையாட்டு’ என்று தள்ளிவிடுவதால், அஃது ஆராயத்தக்க பொருளாக நெடுங்காலம் கருதப்படவில்லை. அதனை முறையாக ஆராய்ந்த முன்னோடி, டான் ஓல்வேயஸ் என்னும் உளவியல் பேராசிரியர். ஸ்வீடனில் பிறந்து, நார்வே நாட்டின் பெர்கன் நகரில் பணியாற்றி, 2020-ஆம் ஆண்டில் மறைந்தவர். இப்பொருள் பற்றிய அவருடைய நூல் 1973-இல் ஸ்வீடிஷ் மொழியில் வெளிவந்தது.

கொடுமை என்று எதனைச் சொல்வது? சம வலிமையுடைய இருவர் அடித்துக்கொள்வது வெறும் சண்டை. துன்புறுத்தும் எண்ணத்தோடு, மீண்டும் மீண்டும், தன்னைக் காத்துக்கொள்ள இயலாத ஒருவன்மீது செலுத்தப்படுவதே கொடுமை என்று ஓல்வேயஸ் வரையறுத்தார். அடி உதை மட்டுமன்று. ஏளனம், புறங்கூறல், கூட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்குதல் ஆகியனவும் இதில் அடங்கும்.

1982-ஆம் ஆண்டின் இறுதியில் நார்வேயின் வடபகுதியில் பத்து முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவர் மூவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். உடன் பயின்றோர் இழைத்த கொடுமையே பெரும்பாலும் காரணம் என்று செய்தித்தாள் எழுதியது. நாடு அதிர்ந்தது. 1983-இல் அரசே நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. அப்போது நடத்திய கணக்கெடுப்பில், பள்ளி மாணவரில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் கொடுமை செய்வோராகவோ படுவோராகவோ இருப்பது தெரியவந்தது. பள்ளியில் விதிகள் வகுத்து, இடைவேளையில் கண்காணித்து, பெற்றோரையும் அழைத்துப் பேசிய பெர்கன் நகரப் பள்ளிகளில் இரண்டே ஆண்டுகளில் கொடுமை பாதியாகக் குறைந்ததாக ஓல்வேயஸ் கணக்கிட்டார்.

பெற்றோரை ஏன் அழைக்க வேண்டும்? இங்குதான் வீடு வருகிறது.

வீட்டில் விளைவது

ஸ்வீடன் நாட்டுச் சிறுவர்களையும் அவர்தம் பெற்றோரையும் ஆராய்ந்து 1980-இல் ஓல்வேயஸ் வெளியிட்ட கட்டுரை, சிறுவன் முரடனாவதற்கு நான்கு காரணங்களைக் காட்டுகிறது. இளமையில் வளர்ப்பவரிடம் அன்பும் அக்கறையும் கிட்டாமை ஒன்று. அவன் பிறரை அடித்துவிட்டு வந்தால் தடுக்காமல் விடுவது இன்னொன்று. அடியாலும் சீற்றத்தாலும் அடக்கி ஆள்வது மூன்றாவது. நான்காவது அவனுடைய பிறவிக் குணம். துடுக்கான பிள்ளை எளிதில் முரடனாகிறது. அன்பு குறைவாகவும் அதிகாரம் மிகுதியாகவும் இருக்கும் வீட்டில், வலிமையே வெல்லும் என்ற பாடத்தைப் பிள்ளை சொல்லாமலே கற்றுக்கொள்கிறான். ‘அடியாத மாடு படியாது’ என்பார் நம் ஊரில். மாடு படியலாம், பிள்ளையோ தன்னைவிடச் சிறியவன் ஒருவனைத் தேடிப் போகிறான்.

அவ்வாய்வில் என்னை மிகவும் கவர்ந்தது, அது எதனைக் காணவில்லை என்பதே. குடும்ப வருமானத்திற்கும், பெற்றோரின் படிப்பிற்கும், குடியிருக்கும் வீட்டின் வசதிக்கும் சிறுவனின் முரட்டுத்தனத்தோடு தொடர்பு இருக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைதான் போக்கிரியாவான் என்று எளிதாகப் பேசித் திரிவோர் இதனைப் படித்தல் நன்று.

வளர்ப்பு முறைகளை வகைப்படுத்தியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த டயானா பாம்ரிண்ட் அம்மையார். 1960-களில் அவர் மூன்று வகை கண்டார். விதியும் உண்டு, அதற்கு விளக்கமும் உண்டு, பிள்ளையின் சொல்லுக்குச் செவியும் உண்டு என்பது நெறிப்படுத்தும் வளர்ப்பு. ‘நான் சொன்னேன், செய்’ என்பது அதிகார வளர்ப்பு. கேட்டதெல்லாம் கொடுத்துக் கட்டுப்பாடின்றி விடுவது தாராள வளர்ப்பு. 1983-இல் மக்கோபி, மார்ட்டின் என்னும் இருவர் அன்பும் இன்றிக் கண்டிப்பும் இன்றிக் கண்டுகொள்ளாமல் விடுவதை நான்காவதாகக் கொண்டனர். பின்னர் வந்த ஆய்வுகள் பலவற்றில் நெறிப்படுத்தும் வளர்ப்பில் வளர்ந்தோரிடையே கொடுமை செய்வதும் படுவதும் குறைவாகவே காணப்படுகின்றன.

கொடுமைப்படுவோர் செய்தி சற்று வேறு. 200,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய 70 ஆய்வுகளை ஒருங்கு தொகுத்து நோக்கிய ஆய்வொன்று 2013-இல் வெளிவந்தது. வீட்டில் வன்முறைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான பிள்ளைகள் வெளியிலும் கொடுமைக்கு ஆளாவது மிகுதி என்று அது காட்டிற்று. மிகையாகப் பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்ட பிள்ளைகளும் அவ்வாறே ஆளாகின்றனர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். எல்லாச் சண்டையையும் தாயே தீர்த்துவைத்தால், தாய் இல்லாத இடத்தில் பிள்ளை எங்ஙனம் நிற்பான்?

இதனால் எல்லாப் பழியையும் பெற்றோர்மீது சுமத்துதல் தகாது. வளர்ப்பு முறை பிள்ளையை உருவாக்குவதுபோல், பிள்ளையின் குணமும் பெற்றோரை மாற்றுகிறது. அடங்காத பிள்ளை பொறுமையான தந்தையையும் கை ஓங்கச் செய்கிறான். மேலும், 1994-இல் ரூத் சாவ் என்னும் அறிஞர், அமெரிக்காவில் வாழும் சீனப் பெற்றோரின் கண்டிப்பை அதிகாரம் என்றே எண்ணிவிட முடியாது, அது அக்கறையோடு பிணைந்த பயிற்றுதல் என்று வாதிட்டார். நம் வீட்டுக் கண்டிப்பை எடைபோடும்போதும் இது நினைக்கத்தக்கது.

கைபேசி வந்தபின்

முன்பு பள்ளி மணி அடித்ததும் கொடுமை முடிந்தது. இன்று அது கைபேசியின் வழியே படுக்கையறைக்கும் வருகிறது. ஒரு படத்தை ஒருமுறை வெளியிட்டால் போதும். பிறர் பகிரப் பகிர அதுவே மீண்டும் மீண்டும் நிகழும் கொடுமையாகிறது. உடல் வலிமையும் தேவையில்லை, முகத்தைக் காட்டவும் தேவையில்லை. எனினும், இதனை முற்றிலும் புதிய நோய் என்று கொள்ளல் பொருந்தாது. இணையவழியில் துன்புறுவோரில் மிகப் பெரும்பாலோர் பள்ளியிலும் துன்புறுவோரே என்று ஓல்வேயஸ் தம் பிற்காலக் கட்டுரைகளில் காட்டினார்.

இதற்கு மருந்து கண்காணிப்பே என்பது பலர் கருத்து. கைபேசியைப் பிடுங்கிப் பார். யாரோடு பேசினாய் என்று விசாரி. இக்கருத்தை ஸ்வீடன் நாட்டில் ஹாக்கன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் ஆகிய இருவரும் நுணுகி ஆராய்ந்தனர். பதினான்கு வயதினர் 703 பேரையும் அவர்தம் பெற்றோரையும் வினவினர். பெற்றோருக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்தவை எவ்வழியில் வந்தன? பிள்ளைகள் தாமாகச் சொன்னதே முதன்மையான வழி. கேட்டறிந்ததும் கட்டுப்படுத்தி அறிந்ததும் அதற்குப் பின்னரே. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாய்வு, பெற்றோரின் கண்காணிப்பு என்று அதுவரை அளக்கப்பட்டு வந்தது உண்மையில் பிள்ளையின் மனந்திறப்பே என்று காட்டியது. தன்னைக் கட்டுக்குள் வைத்து அடக்குவதாக உணர்ந்த பிள்ளைகளின் நிலை நன்றாகவும் இல்லை.

இக்கருத்து நம் போன்றோர்க்கு மிக நெருக்கமானது. இக்கல்லூரியில் பயில்வோரில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். நம் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் வரும் குரல் செய்தியைக் கேட்கத் தெரியும். நம் தம்பியின் இன்ஸ்டாகிராம் கணக்கைத் தேடத் தெரியாது. அதனால் அவரால் பிள்ளையைக் காக்க முடியாது என்று முடிவு கட்டுவது தவறு. கருவியை அறிதலைவிட, இரவு சோறு போடும்போது ‘என்னடா, முகம் வாடியிருக்கு?’ என்று கேட்டுவிட்டு, வரும் விடைக்குச் சினவாதிருத்தலே பெரிய காவல். வயலிலும் மில்லிலும் உழைத்துவிட்டு வருபவருக்கு அந்த ஒரு நாழிகை கிட்டுவதே அரிது என்பதையும் மறுப்பதற்கில்லை. அவ்விடத்தை அக்காவோ அண்ணனோ நிரப்ப முடியும். நம்மில் பலர் அந்நிலையில் இருக்கிறோம்.

பிள்ளைகள் ஏன் சொல்லுவதில்லை? சொன்னால் கைபேசி பறிபோகும் என்ற அச்சமே பலர் வாயை அடைக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு இவ்வச்சம் இன்னும் கூடுதல். கைபேசியோடு படிப்பும் நின்றுவிடுமோ என்று அஞ்சுகின்றனர். ‘நீ ஏன் அங்கே போனாய்?’ என்பது முதற்கேள்வியானால் இரண்டாம் முறை அவள் சொல்ல மாட்டாள். மிரட்டுகிறவன் நம்பியிருப்பதும் அதனையே: ‘உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்’ என்பது அவன் கையிலுள்ள பெரிய ஆயுதம். ‘சொல், அப்பாவுக்குத் தெரியும்’ என்று ஒரு பெண்ணால் சொல்ல முடிந்தால் அவ்வாயுதம் அன்றே முனை மழுங்கும்.

தம்பியோ தங்கையோ வந்து சொன்னால், அந்தச் செய்தியையும் படத்தையும் அச்சத்தில் உடனே அழித்துவிடாமல், நாளோடும் நேரத்தோடும் சேமித்து வைத்தல் வேண்டும். புகாருக்கு அதுவே சான்று. அனுப்பியவனுக்கு விடையளிக்காமல் அந்தக் கணக்கைத் தடைசெய்யலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இரவும் பகலும் இயங்குகிறது. பதினெட்டு வயது நிரம்பாதோர் தாமே அழைக்கலாம், அவர்க்காகப் பிறரும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.